மஞ்சள் வைத்த ஷூ

என்னிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதற்கென்றே எங்கள் வீட்டுக்கு வாழ வந்த என் வசந்தா அண்ணிக்கு,

நேற்று பந்தயம் முடிந்தது. முடிவை உடனே சொல்ல மாட்டேன். நீ மட்டும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லியிருக்கிறாயா? தட்டில் சோறு ஆறிப் போகும் வரை இழுத்துத்தானே சொல்வாய். இன்றைக்கு என் முறை. ஞாயிற்றுக்கிழமை, லீவு. துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் உன் ஷூ வெயிலில் காய்கிறது.

கடிதம் என்றால் ‘நீங்கள்’ போட்டு எழுத வேண்டும் என்று பேக்கிங்கில் வேலை செய்கிற ஸ்டெல்லா சொன்னாள். நாலு வருஷம் ஒரே வீட்டில் நீ, வா, போ என்று சண்டை போட்டுவிட்டு இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால் நீயே பயந்துவிடுவாய். அதனால் நீதான்.

கம்பெனி ஆண்டு மலருக்குப் பந்தயத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நேற்று ராத்திரி உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. உனக்கென்று நினைத்து எழுத ஆரம்பித்ததும் பேனா ஓடுகிறது. மற்றவர்கள் ஒட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். அவர்களில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் கொஞ்சம் திருப்பிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

பென்னலூர் பக்கம் ரோட்டோரம் இருக்கிற நம் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதெல்லாம் பெண்கள்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு ஓட்டப்பந்தயம், கயிறு இழுப்பது. நமக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம், பாட்டு நின்றால் நாற்காலி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீதான் பர்சனல் ஆபீசர் அறைக்குப் போய், “ஏன் சார், எங்களுக்கு இன்னா கால் இல்லியா?” என்று கேட்டாய். வெளியே நின்றிருந்த எனக்கு அவமானமாக இருந்தது. நாத்தனார் மானத்தை வாங்கவே பிறந்தவள் இவள் என்று நினைத்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்கு வைத்தார். கேட்டிலிருந்து ஏரிக்கரை போய்த் திரும்ப மூன்று கிலோமீட்டர். “அஞ்சு பொம்பளைங்க ஓடி முடிச்சு கோட்டைத் தாண்டட்டும்மா. வருஷா வருஷம் நடத்தறேன். ஒண்ணு குறைஞ்சாலும் பழையபடி எலுமிச்சம்பழம்தான்.” நீ அங்கேயே சரி என்றுவிட்டாய்.

உன்னோடு சேர்த்து எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வாலாஜாபாத் கடைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்க வைத்தாய். வேடிக்கை பார்க்க நானும் வந்தேன். நீ அஞ்சாம் நம்பர் போட்டுக் கண்ணாடி முன்னால் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கப் போனாய்.

நான் தடுத்தேன். “புதுச எடுத்த எடுப்புல மண்ணுல போட்டு மிதிப்பாங்களா? நல்ல நாளன்னிக்குப் போடலாம், கழட்டு அண்ணி” என்றேன். நம் வீட்டில் புதுப் புடவையோ சட்டையோ, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்து, நாள் பார்த்துத்தானே உடுத்துகிறோம்? ஷூவைச் சாமி பக்கத்தில் வைக்க முடியாது. அதனால் அட்டைப் பெட்டி மூடியில் மஞ்சள் வைத்துப் பீரோ மேல் ஏற்றினேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “செருப்புக்கு மஞ்சா வெக்கிற வூடு ஊருலயே இது ஒண்ணுதான்” என்றாள். “இது செருப்பு இல்ல அத்த, ஆயுதம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வெக்கிறோமே, அப்டி” என்று நீ சிரித்தாய். உனக்கு அதைக் கழற்ற மனசே இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுப் பெண் சொல்கிறேனே என்று விட்டுக்கொடுத்தாய். நான் அதோடு நிற்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மற்ற ஏழு பேருக்கும் அதையே ஓதினேன். எல்லாம் நம்மைப் போன்ற வீடுகள்தான். வேதக்கார ஸ்டெல்லாவும் தலையாட்டினாள். எட்டு ஜோடி ஷூவும் ஒரு மாதம் பெட்டிக்குள் மஞ்சளோடு தூங்கின. நீங்கள் எட்டுப் பேரும் வெறுங்காலோடு ஓடிப் பழகினீர்கள்.

பந்தயத்தன்று கேட் அருகே உன் காலடியில் உட்கார்ந்து கயிறு கட்டியது நான். உன் தாலிக்கு அண்ணன் ஒரு முடிச்சுப் போட, நாத்தனார் முறைக்கு மற்ற இரண்டு முடிச்சும் நான் போட்டேன் அல்லவா? அதே இறுக்கத்தில் ஷூவுக்கும் போட்டேன். நன்றாக இருக்கட்டும் என்றுதான் போட்டேன், அண்ணி. சத்தியமாக.

முதல் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்த்து வீங்கிய கால். ஒரு நாளும் போட்டு நடக்காத விறைப்பான புது ஷூ. ஏரிக்கரை போவதற்குள் எட்டுப் பேரின் குதிகாலும் தோல் உரிந்துவிட்டது. மூன்று பேர் அழுதுகொண்டே திரும்பி நடந்தார்கள். நாலு பேர் எப்படியோ நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டினார்கள். ஐந்தாவது ஆள் நீ. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் ஓடியிருந்தால் முடித்திருப்பாய். ஆனால் ஏரிக்கரைக் கல்லில் உட்கார்ந்து நகத்தால் இழுத்தாய், குனிந்து பல்லால் கடித்தாய். என் முடிச்சு அவிழவே இல்லை.

உன்னைத் தேடிக்கொண்டு நான் வந்தபோது வெள்ளை ஷூவின் குதிகால் சிவந்திருந்தது. திட்டுவாய் என்று நினைத்தேன். “உன் முடிச்சு அவுராதுடி. கல்யாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும்” என்று சொல்லி என் தோளைப் பிடித்து எழுந்தாய். அந்த இரத்தக் காலோடு நேரே ஆபீசரிடம் போய் இன்னும் ஒரே ஒரு வருஷம் கேட்டாய். அவர் முகத்தில் சிரிப்பில்லை. அதே கணக்கு, அதே ஐந்து பேர், இதுதான் கடைசி என்றார்.

அதற்கப்புறம் நீ செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த ஷூவைத் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ. பஸ்ஸில் எல்லோரும் உன் காலைத்தான் பார்ப்பார்கள். “பழக்குறேன்டி, இதுவும் மாடு மாதிரிதான், பழக்குனா பழகும்” என்பாய். குதிகால் பக்கம் கிழிந்தபோது சிவப்பு நூலால் தைத்தாய். ஐப்பசி மழையில் மஞ்சள் காமாலை வந்து நீ படுக்கும்போது அது துணி போல மெத்தென்று ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் ஒன்பது நாள் இருந்தேன். கஞ்சி கொடுத்தேன், தலை வாரினேன், பக்கத்துப் படுக்கைக்காரியைப் பற்றி வம்பு பேசினேன். ‘அந்த முடிச்சுக்கு மன்னிச்சிடு’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தது உனக்குத் தெரிந்திருக்குமா?

மார்கழியில் நோட்டீஸ் போர்டில் பந்தயத்துக்குப் பெயர் எழுதக் காகிதம் ஒட்டினார்கள். நாலு நாள் வெள்ளையாகவே இருந்தது. போன வருஷம் உன்னோடு ஓடிய ஏழு பேரில் ஸ்டெல்லாவைத் தவிர ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. போர்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் குதிகால் வலித்தது. ஐந்தாம் நாள் போய் முதல் பெயராக என் பெயரை எழுதினேன். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத அமுதா! ஸ்டெல்லா பார்த்துவிட்டு, “இன்னாமே, மெய்யாலுமா?” என்று கேட்டுக் கீழே தன் பெயரை எழுதினாள். ஒரகடத்திலிருந்து வருகிற அக்கா தங்கை இரண்டு பேரைக் கெஞ்சிச் சேர்த்தோம். பிறகு இன்னும் இரண்டு பேர். மொத்தம் ஆறு.

உன் ஷூவைத்தான் போட்டு ஓட வேண்டும் என்று அம்மா சொன்னாள். எனக்கும் ஆசைதான். பெட்டியைத் திறந்து காலை நுழைத்தேன். என் காலைப் பார்த்து ‘இது இன்னா காலா, மொறமா’ என்று கேட்பாயே, அந்தக் கால் பாதிகூட உள்ளே போகவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பாசத்துக்காகத் திணித்துப் போட்டால் மறுபடி அதே ஏரிக்கரைக் கல்லில்தான் உட்கார வேண்டும். துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

நின்று நின்று வேலை செய்கிற ஸ்டெல்லா ஒரு விஷயம் சொன்னாள். “காலைல எட்டு மணிக்கு லூசா கீற செருப்பு நாலு மணிக்குக் கடிக்குதே, பாத்தியா? பந்தயம் சாயங்காலம். கடைக்கும் சாயங்காலமே போவோம்.” இவ்வளவு எளிய விஷயம் போன வருஷம் நம் யார் மண்டையிலும் ஏன் ஏறவில்லை? ஷிப்ட் முடிந்து, வீங்கின காலோடு, அண்ணனின் பழைய சாக்ஸையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆறாம் நம்பரை நீட்டினார். நான் சாக்ஸோடு போட்டு எழுந்து நின்று, முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். இல்லை. ஏழு கேட்டேன். கடை வாசலுக்கும் கல்லாவுக்கும் நடந்தேன், குதித்தேன், முட்டி மடக்கினேன். “ஷூ வாங்க வந்தியாம்மா, சர்க்கஸுக்கு வந்தியா?” என்றார். “ரெண்டுத்துக்குந்தான்” என்றேன். நீ இருந்திருந்தால் கை தட்டியிருப்பாய்.

பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஷூவைக் காலில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். மஞ்சள் கிடையாது, நாள் கிடையாது. முதல் மிதியே பஸ் ஸ்டாண்டு சேற்றில். வீட்டில் அம்மா குதிகாலுக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் நம் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஓட்டம். முதல் நாள் மதகு வரைக்கும்கூடப் போகவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டது. பால் கறக்கப் போகிற பெருசு ஒன்று, “இன்னாமா, யாராச்சும் தொரத்தினு வராங்களா?” என்று கவலையாகக் கேட்டது. நாய்கள் துரத்தின. எருமைகள் வழிவிடவில்லை. நிலம் பார்க்க மெட்ராஸிலிருந்து காரில் வந்த ஆட்கள், பூமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். நான் ஓடினேன். ஷிப்டில் நிற்கும்போதும் அதே ஷூ. பத்தே நாளில் அதன் வெள்ளை எல்லாம் போய், வரப்பு மண் நிறத்துக்கு வந்துவிட்டது. எனக்கு அது அழகாக இருந்தது.

ஒரு நாள் பின்னால் சைக்கிள் சத்தம். அண்ணன். நீ போனதிலிருந்து நிலம், மாடு, சோறு என்று மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர். என் பின்னாலேயே மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். அன்றிலிருந்து தினமும் வந்தார். மதகைக்கூட எட்டாத நான் தை பிறப்பதற்குள் கரை முழுக்க ஓடினேன். நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது போலத்தான் இருந்தது.

நேற்றுக் காலை கிளம்பும்போது அண்ணன் பீரோ மேலிருந்து உன் பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார். “எடுத்துனு போ. அவளும் பாக்கட்டும்” என்றார். பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நல்ல வேளை, வைத்துக்கொண்டேன்.

ஷிப்ட் முடிந்து கேட்டருகே கூடினால், ஆறு பேரில் ஒருத்திக்குக் காய்ச்சல், ஆளே வரவில்லை. சரியாக ஐந்து பேர். ஒருத்தி நின்றாலும் எல்லாம் போச்சு. இந்த நேரத்தில், வாலாஜாபாத்திலிருந்து வருகிற தேவகி, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத குட்டிப்பெண், ஓரமாகப் போய்ப் பையைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று புது ஷூ. முனையில் மஞ்சள்.

ஒரு ஷூவைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒரு துளி மண் இல்லை. “தினம் போட்டு ஓடுறேன்னு சொன்னியேடி?”

“வெறுங்கால்ல ஓடினேன்கா. நல்ல நாளன்னிக்குப் போட்டாத்தான் ஜெயிப்பேன்னு அம்மா சொல்லிச்சு” என்று கண் கலங்கினாள்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். எந்த வாயால் திட்டுவது? அந்தப் பிள்ளை பேசியது நான் ஓதிய பாடம். வெறுங்காலில் ஓடச் சொல்லவும் வழியில்லை. புதிதாக வரப்போகிற கம்பெனிகளுக்கு லாரி போக ஏரி ரோடு முழுக்க ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன். சின்னக் கால். அஞ்சாம் நம்பர்.

உன் பெட்டியை எடுத்தேன். சிவப்பு நூல் தையலைப் பார்த்ததும் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். “யாருதுக்கா?” என்றாள் தேவகி. மறைக்க எனக்கு மனம் வரவில்லை. “எங்க அண்ணியுது. அவங்க இப்ப இல்ல. உனக்கு வேணாம்னா வேணாம், தப்பா நெனைக்க மாட்டேன்” என்றேன். செத்தவர் செருப்பைப் போடுவதா என்று பயந்து ஓடிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “ஆபீசர் ரூம்ல போயி கால் இல்லியான்னு கேட்டாங்களாமே, அந்த அக்காவா?”

“அவதான்.”

“அப்ப குடுக்கா.”

அண்ணி, உன்னை ஒரு நாளும் பார்க்காத பெண் அவள்!

உட்கார்ந்து கயிறு கட்டினேன். விரல் பக்கம் தளர்த்தி, கணுக்கால் பக்கம் பிடித்து, ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சு. “வலிச்சா இந்த நுனியப் புடிச்சி இழு, அவுந்துரும்” என்று மூன்று முறை சொன்னேன். அவளே இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டச் சொன்னாள்.

ஓடினோம். ஸ்டெல்லா பறந்தாள். அக்காவும் தங்கையும் ஜோடியாகப் போனார்கள். அப்புறம் தேவகி. கடைசியில் நான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? போகும் வழி முழுக்க நான்தான் கடைசி. முன்னால் ஜல்லியில் சரக் சரக் என்று உன் ஷூ போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டே நான் ஓடினேன்.

ஏரிக்கரையில் நீ உட்கார்ந்த அதே கல் பக்கத்தில் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். தேவகி தாண்டிப் போனதும் அவர் பார்வை அவள் கால் பின்னாலேயே போனது. “அமுதா, அது...” என்றார். “ஆமாண்ணா” என்றேன். சைக்கிள் கைப்பிடியை விட்டுவிட்டார். அது தடாலென்று விழுந்தது, அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த இடத்தில்தான் என் வலது கால் ஷூ கயிறு அவிழ்ந்தது. ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் கட்டியவள் தனக்குச் சரியாகக் கட்டவில்லை. இடுப்பு வேறு பிடித்துக்கொண்டது. அந்தக் கல் உட்கார் உட்கார் என்றது. அண்ணன் கத்தினார். “குந்தாத! குந்துனா எழுந்துக்க மாட்ட! நின்னபடியே கட்டு!” கல் மேல் காலை வைத்து, உட்காராமல், குனிந்து கட்டினேன். நீ உட்கார்ந்த கல்லை நான் முக்காலியாக்கிவிட்டு ஓடினேன். அண்ணன் சைக்கிளை விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

கேட் தெரிந்தபோது மற்ற நாலு பேரும் முடித்துவிட்டார்கள். கம்பெனி மொத்தமும் சுவர் ஓரம் நின்று என்னையே பார்த்தது. ஆபீசர் கையில் கடிகாரம். நான் ஓடினேன் என்று சொல்ல முடியாது, விழாமல் வந்தேன். ஸ்டெல்லா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, “வாமே! இன்னும் பத்து அடிதான்மே!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். தாண்டினேன். தாண்டி ஆபீசர் காலடியிலேயே விழுந்தேன்.

அவர் குனிந்து பார்த்து, விரலை மடக்கி எண்ணி, “அஞ்சு” என்றார். அவ்வளவுதான். பெண்கள் போட்ட சத்தத்தில் அடுத்து அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இருட்டுவதற்குள் போர்டில் ஒட்டிவிட்டார்கள், இனி வருஷா வருஷம் பெண்கள் ஓட்டப்பந்தயம் என்று. எலுமிச்சம்பழத்தைக் கேன்டீனில் ஜூஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கடைசியாக வந்து இவ்வளவு தலை நிமிர்ந்து வீட்டுக்கு நடந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தெருவில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், “அஞ்சாவது வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்குப் பெருமைதான், அண்ணி. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

தேவகி ஷூவைத் திருப்பிக் கொடுத்தபோது குதிகாலைக் காட்டினாள். ஒரு கீறல் இல்லை. இன்று காலையில் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மன்னிச்சிடு என்று அப்போதுதான் சத்தமாகச் சொன்னேன். கிணற்றடியில் கேட்பதற்கு உன் ஷூ மட்டும்தான் இருந்தது.

காய்ந்ததும் இதை மஞ்சள் வைத்துப் பீரோ மேல் ஏற்ற மாட்டேன். இது என் சத்தியம். ஒவ்வொரு வருஷமும் எவளாவது ஒரு சின்னக் கால்காரி புது ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். அவளுக்கு நான் இதைப் போட்டுவிடுவேன், ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி கட்டிவிடுவேன், யாருடையது என்றும் சொல்வேன். இந்த ரப்பர் தேயும் வரை நீ ஓடு.

போன வருஷம் நீ நின்ற இடத்திலிருந்து நேற்று எழுந்து ஓடி, எனக்கு முன்னாலேயே கோட்டைத் தாண்டிவிட்டாய். நாலாவது நீ. ஐந்தாவதுதான் நான்.

உன் பின்னாலேயே ஓடி வந்த,
உன் நாத்தனார்
அமுதா
பிள்ளைப்பாக்கம், 1991